முல்லைத்தீவுப் பட்டினம்: கோட்டை வந்ததால் ஊரா, ஊர் இருந்ததால் கோட்டையா?

முள்ளியவளையான்:

இலங்கையின் வடகிழக்குக் கரையில் உள்ள முல்லைத்தீவு என்றதும் எல்லோருக்கும் 2009, போரின் கடைசி மாதங்கள், ஞாபகம் வரும். அதற்கு முன் 2004 சுனாமி, அதற்கும் முன் 1996 இராணுவ முகாம் சண்டை. மூன்றும் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தவை, அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசச் சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்கு முன்னால் அங்கே ஒரு பட்டினம் இருந்தது. கச்சேரி (அரச நிர்வாக அலுவலகம்), நீதிமன்றம், கடைத்தெரு, தோணி நங்கூரமிடும் கரை என்று ஒழுங்கான ஒரு சின்னப் பட்டினம். அதைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல யாரிடமும் நாலு வரி கூட இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எனக்குத் தெரிந்ததை முதலில் வைக்கிறேன். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் வங்கக் கடல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். அதில்தான் பட்டினம். 1658 இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைக்குப் போனது. திருகோணமலையும் அவர்களிடம் வந்த பிறகு, இரண்டுக்கும் நடுவில் கரையோரமாகப் போகும் பாதை அவர்களுக்கு முக்கியமாகிவிட்டது. அந்தப் பாதையின் நடுப்பகுதியில் இருப்பது முல்லைத்தீவு. 1715 இல் அங்கே ஒரு சிறு கோட்டை கட்டினார்கள், 1721 இல் அதை நாற்சதுரமாக விரித்தார்கள். யாழ்ப்பாணக் கோட்டை மாதிரி கல்லில் எழுந்த பெருங்கோட்டை என்று நினைக்க வேண்டாம். சிறு காவல் படை தங்கும் இடம், அவ்வளவுதான்.

1782 இல் தோமஸ் நாகெல் என்ற ஒல்லாந்த அதிகாரி வன்னிமைகளை, அதாவது வன்னியர் என்ற தலைவர்கள் ஆண்ட சிற்றரசுகளை, அடக்கி நேரடி ஆட்சிக்குள் கொண்டு வந்தார். 1793 இல் வன்னியைப் பற்றி அவர் எழுதிய விவரணம் இன்றைக்கும் கிடைக்கிறது. பின்னர் 1795 இல் செப்டெம்பர் 28 யாழ்ப்பாணம் பிரித்தானியரிடம் விழ, மூன்று நாளில், ஒக்டோபர் 1 அன்று, முல்லைத்தீவும் கைமாறியது.

என்னுடைய கேள்வி இதுதான்: கோட்டை வந்ததால் பட்டினம் வந்ததா, அல்லது அங்கே ஏற்கெனவே ஆட்களும் துறையும் இருந்ததால் ஒல்லாந்தர் அந்த இடத்தைத் தெரிவு செய்தார்களா?


ஓமந்தையான்:

நல்ல இழை தம்பி. என் பதில் நேரடியானது: கோட்டைதான் பட்டினத்தை உண்டாக்கியது.

வன்னியர் காலத்து அதிகாரம் எங்கே இருந்தது என்று பாருங்கள். பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி. கடற்கரையைத் தொடுகிற பற்றுகள் இவற்றில் இருந்தாலும் எல்லாவற்றின் உயிரும் குளத்தில்தான் இருந்தது. ஒரு வன்னிபத்துக்கு, அதாவது வன்னித் தலைவருக்கு, சோறு போட்டது குளத்துக்குக் கீழே இருந்த வயல், திறை கட்ட உதவியது காட்டு யானை. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார அவருக்கு ஒரு காரணமும் இல்லை. கடலிலிருந்து வந்தவனுக்குத்தான் கடற்கரையில் கச்சேரி தேவைப்பட்டது.

ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதன் தலைப்பிலேயே வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்து வருகின்றன. ஒன்று உள்நாட்டு ஊர், மற்றது கரையோர ஊர். இரண்டையும் நிர்வாக ஊர்களாக எடுத்து நிறுத்தியது காலனி ஆட்சி.


கரைவலை:

ஓமந்தை அண்ணைக்கு வணக்கம். நீங்கள் அதிகாரத்தைப் பற்றிச் சொல்வது சரி. ஆனால் கச்சேரி இல்லாத இடத்தில் ஊரே இல்லை என்று சொல்ல முடியாது.

வட்டாப்பளை கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலை எடுங்கள். பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னால் சிலாவத்தை தீர்த்தக்கரைக்குப் போய்க் கடல்நீர் எடுக்கிறார்கள். அதை முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலுக்குக் கொண்டுவந்து அந்த உப்பு நீரில் விளக்கேற்றுகிறார்கள். அங்கே பொங்கல் முடிந்துதான் வட்டாப்பளைக்குப் போகிறது. இந்தச் சடங்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயற்காரரின் அம்மனுக்குக் கடல்தண்ணீர் இல்லாமல் பொங்கல் இல்லை. கடற்கரையும் முள்ளியவளையும் வட்டாப்பளையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. இதை ஒல்லாந்தன் ஏற்படுத்தவில்லை.

இன்னொன்று. முல்லைத்தீவுக் கரையில் எந்த மாதம் தோணி நிற்கலாம், எந்த மாதம் நிற்க முடியாது என்பது தொழிலாளிக்குத் தெரிந்த விடயம். ஐப்பசியில் வாடைக்காற்று பிடித்தால் தை வரைக்கும் கடல் அடிக்கும், திறந்த கரை, ஒதுங்கக் குடா கிடையாது. சோளகக் காலத்தில்தான், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்தான், எங்கள் கரை அமைதி. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர்களும் அந்தக் காலத்தில்தான் கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவு என்று வந்து வாடி (தற்காலிகக் குடில்) போட்டார்கள். அவர்களுடைய மேற்குக் கடல் அந்த மாதங்களில் கொந்தளிக்கும், எங்கள் கிழக்குக் கடல் படுத்திருக்கும். இந்தப் போக்குவரவு காற்றைப் பார்த்து நடந்தது. அரசாங்கத்தைப் பார்த்து நடக்கவில்லை.

கரையில் ஆட்கள் இருந்தார்கள், களப்பில் இறால் இருந்தது, குடிக்க நல்ல தண்ணீர் கிட்ட இருந்தது. கோட்டை கட்டினவன் அதைப் பார்த்துத்தான் அங்கே நின்றிருப்பான்.


கற்சிலைமடு:

பிரித்தானியரை எதிர்த்து நின்ற வன்னித் தலைவர் பண்டாரவன்னியன் பெயர் இல்லாமல் இந்த இழை நகரக்கூடாது. பட்டினத்தின் வரலாற்றிலேயே பெரிய நாள் 1803 ஓகஸ்ட் 25. அன்றைக்குத்தான் முல்லைத்தீவுக் கோட்டை அவர் கையில் விழுந்தது. அங்கே இருந்த பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் மிச்சப் படையோடு வள்ளத்தில் ஏறி யாழ்ப்பாணம் போய்த் தப்பினார்.

இது தனியாக நடந்த கலகமில்லை. அந்த வருடம் ஜூனில் கண்டியில் பிரித்தானியப் படை அழிந்தது. தொடர்ந்து கண்டி அரசன் கரையோரப் பகுதிகள் எல்லாவற்றிலும் நெருக்குதல் கொடுத்தான். அந்தச் சந்தர்ப்பத்தைச் சரியாகப் பிடித்தவர் பண்டாரவன்னியன். யானையிறவு வரைக்கும் அவருடைய ஆட்கள் போனார்கள். பிரித்தானியருக்கு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று திக்கிலிருந்தும் படை அனுப்ப வேண்டி வந்தது. ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் அவர் தோற்றார்.

அங்கே பிரித்தானியர் நட்ட கல்லில் இருந்தது, இந்த இடத்தில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்ற செய்தியும் திகதியும் மட்டும்தான். அவர் அன்றைக்கு இறந்தார் என்று அந்தக் கல் சொல்லவில்லை. 1803 க்குப் பின்னும் அவர் பெயர் ஆங்கிலேயர் பதிவுகளில் வருகிறது. அப்படியிருக்க நாங்கள் ஏன் ஒக்டோபர் 31 ஐ நினைவு நாளாக இத்தனை காலம் வைத்திருந்தோம்? எதிரி தன் வெற்றிக்கு நட்ட கல்லின் திகதி அது. இப்போது முல்லைத்தீவில் ஓகஸ்ட் 25 ஐ வெற்றி நாளாக எடுப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

அந்தப் பழைய கல் போர் முடிந்த அடுத்த வருடம், 2010 இல், உடைக்கப்பட்டது. எதிரி நட்டது என்றாலும் அது எங்கள் வரலாற்றுச் சான்று. உடைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.


செம்மலை மகள்:

கற்சிலைமடு அண்ணை, பாடசாலையில் எங்களுக்கு ஒக்டோபர் 31 தான் இறந்த நாள் என்று சொல்லித்தந்தார்கள். காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்த கதையும் சேர்ந்தே வரும். அது கூத்திலும் நாடகத்திலும் இருந்து வந்ததா, இல்லை பதிவில் இருக்கிறதா?


கற்சிலைமடு:

தங்கச்சி, காக்கை வன்னியன் கதை எங்கள் நாட்டார் வழக்கிலும் மேடையிலும் வாழ்கிற கதை. அதை அந்த இடத்தில் வைத்துப் படிப்போம். கோட்டை விழுந்ததும் கற்சிலைமடுச் சண்டையும் பதிவில் உள்ளவை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் பிரித்துச் சொன்னால் ஒன்றுக்கும் குறைவில்லை.


முள்ளியவளையான்:

ஓமந்தை ஐயா, கரைவலை, இருவரும் சொன்னதையும் சேர்த்துப் பார்க்கிறேன். எனக்குத் தோன்றுவது, முல்லைத்தீவு காட்டின் வாசல். வன்னிக்குள் விளைந்ததும் பிடிபட்டதும் வெட்டப்பட்டதும் வெளியே போவதற்குக் கிழக்கே இருந்த வழிகளில் ஒன்று.

யானையைப் பற்றிப் பேசாமல் வன்னியில் ஒல்லாந்தருக்கு என்ன வேலை என்று விளங்காது. வன்னியர்கள் திறையாக யானை கட்டவேண்டும் என்பதுதான் முதலில் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் போட்ட நிபந்தனை. பிடிபட்ட யானைகளை யாழ்ப்பாணத்துக்குச் சாய்த்துப் போய் விற்றார்கள். கோல்கொண்டாவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்து வாங்கினார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்த வருமானத்தில் யானைக்குப் பெரிய பங்கு. வன்னிபங்கள் திறையை இழுத்தடித்தபோதெல்லாம் கம்பனி ஏன் அவ்வளவு பதறியது என்பதற்குக் காரணம் அதுதான். கரையில் ஒரு காவல் நிலையம் வைத்திருந்தால் வன்னியின் முதுகுப் பக்கத்தில் ஒரு கண் இருக்கும்.

யானை போனது தரைவழி. மரமும் தேனும் மெழுகும் கருவாடும் போனது கடல்வழி. பாலையும் முதிரையும் வன்னிக் காட்டின் சொத்து. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் தீராந்திகளையும் கதவு நிலைகளையும் கேட்டால் பாதி எங்கள் காட்டைத்தான் சொல்லும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே சாமான் ஏற்றும் சிறு கலங்கள் முல்லைத்தீவில் நங்கூரமிட்டன.

அப்புறம் ஏன் பட்டினம் வளரவில்லை? போரைச் சொல்லத் தோன்றும். ஆனால் போருக்கு வெகு காலத்துக்கு முன்பே அது தேங்கிவிட்டது. 1815 இல் கண்டி வீழ்ந்தது. எல்லைக் காவலுக்கு இனி வன்னிக் கரையில் படை வைத்திருக்க அவசியமில்லை. பிறகு 1905 இல் வடபகுதி ரெயில் பாதை முழுதாகத் திறந்தது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாக அது நாட்டின் நடுவால் போனது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். மரமும் நெல்லும் கிழக்கே கடலுக்கு வருவதை விட்டு மேற்கே ரெயிலுக்குப் போகத் தொடங்கின. வாசல் இடம் மாறிவிட்டது.


ஓமந்தையான்:

வாசல் என்று சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ரெயில் விடயத்தில் உம்மோடு முழுதும் உடன்படுகிறேன். வவுனியா இன்றைக்கு நகரமாக நிற்பதற்கும் அதே ரெயிலும் கண்டி வீதியும்தான் காரணம். ஒரு ஊர் வாழ்ந்ததும் மற்ற ஊர் தேங்கியதும் ஒரே முடிவால் நடந்தது. அந்த முடிவை எடுத்தவர்கள் வன்னியைக் கேட்டு எடுக்கவில்லை.

ஒன்று சேர்க்கிறேன். 1978 இல் முல்லைத்தீவு தனி மாவட்டமானபோது பட்டினத்துக்கு மறுபடி ஒரு உயிர் வந்தது. அரச அலுவலர்கள் வந்தார்கள், கட்டடங்கள் எழுந்தன, ஒட்டுசுட்டானிலும் புதுக்குடியிருப்பிலும் இருந்தவர்கள் அலுவலுக்கு அங்கே போனார்கள். அந்த உயிர் பன்னிரண்டு வருடம்தான் நிலைத்தது. 1990 இல் போர் மறுபடி மூண்டதோடு பட்டினத்து மக்கள் பெயர்ந்து உள்ளே வந்துவிட்டார்கள்.


நீராவிப்பிட்டி:

எல்லோருக்கும் ஸலாம். நான் இப்போது புத்தளத்தில் இருக்கிறேன். இந்த இழையை நண்பர் ஒருவர் அனுப்பினார்.

பட்டினத்தின் கதையில் எங்களையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். தண்ணீரூற்றுக்குப் பக்கத்தில் நீராவிப்பிட்டியில் எங்கள் குடும்பங்கள் பல தலைமுறையாக இருந்தன. வயல், மாடு, பட்டினத்தில் வியாபாரம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது நாங்களும் வெறுங்கையோடு வெளியேறினோம். திரும்பி வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள். என்னைப் போல வெளியே வேரூன்றிப்போனவர்களும் இருக்கிறார்கள்.

முல்லைத்தீவின் பழைய கடைத்தெருவைப் பற்றி யாராவது எழுதினால் அதில் எங்கள் பெரியவர்களின் கடைகளும் வரவேண்டும். காட்டுக்குள் போய் மாடு வாங்குவது, தேன் வாங்குவது, கரையில் கருவாடு வாங்கி உள்ளூருக்குக் கொண்டுபோய் விற்பது, இந்தத் தொடர்பையெல்லாம் ஓடித்திரிந்து வைத்திருந்தவர்கள் எங்கள் மூத்தப்பாமார். முள்ளியவளையான் சொன்ன வாசலில் நின்று இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் அவர்கள்.


முள்ளியவளையான்:

நானா, வந்ததற்கு நன்றி. நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை, நாங்கள் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய விடயம் இது. எங்கள் ஊரிலிருந்து நீராவிப்பிட்டி நடந்து போகிற தூரம். 1990 இல் நடந்தது அநியாயம், அதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் மூத்தப்பா காலத்துக் கடைகளைப் பற்றி உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது சொல்லக்கூடியவர்கள் இருந்தால் தயவுசெய்து குரலைப் பதிவு செய்து வையுங்கள்.


ரொறன்ரோ வன்னி:

நான் பிறந்தது முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில், ஆனால் பட்டினத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை. சின்ன வயதிலேயே வெளியேறிவிட்டோம். யாராவது எண்பதுகளுக்கு முந்திய பட்டினம் எப்படி இருந்தது என்று சொல்வீர்களா? கோட்டை அப்போது கண்ணுக்குத் தெரிந்ததா?


ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பிள்ளை, நான் சொல்கிறேன்.

கோட்டை என்று ஏறிப் பார்க்க ஒன்றும் இல்லை. மதில், கொத்தளம் என்று மனதில் படம் கீறி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஆனால் அரசாங்கத்தின் பகுதி எது, மக்களின் பகுதி எது என்பது நடந்து பார்த்தால் தெரியும். அரச அலுவலகங்களும் உத்தியோகத்தர் விடுதிகளும் நிழல் மரங்களோடு அகலமான வளவுகளில் இருந்தன. மக்கள் குடியிருப்பு நெருக்கமாகக் கடலை ஒட்டிக் கிடந்தது. கள்ளப்பாடு பக்கம் போனால் வலை காயும், கருவாட்டு மணம் வரும். கத்தோலிக்கத் தேவாலயம் கடலைப் பார்த்து நின்றது. வெளிச்ச வீடு இருந்தது, இரவில் கரைக்கு வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம்.

பரந்தனிலிருந்து வருகிறவர்கள் புதுக்குடியிருப்பு தாண்டி வட்டுவாகல் பாலத்தால் நுழைவார்கள். பாலம் தாழ்ந்த பாலம். மாரியில் நந்திக்கடல் நிரம்பினால் தண்ணீர் பாலத்துக்கு மேலால் போகும். முகத்துவாரம் வெட்டினால்தான் வடியும். அந்த நாட்களில் மாங்குளம் வீதியால் வருகிறவர்கள் பாடசாலைக்கு வந்துவிடுவார்கள், பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். பெரிய உத்தியோகத்தர்கள் இடமாற்றத்தில் வந்தால் சபித்துக்கொண்டு வருவார்கள், மலேரியா ஊர் என்று. இரண்டு வருடத்தில் மாற்றம் கிடைத்துப் போகும்போது நந்திக்கடல் இறாலை நினைத்துக் கவலையோடு போவார்கள். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

மேலே ரெயிலைப் பற்றிச் சொன்னீர்கள். மலேரியாவையும் சேருங்கள். காலனிக் காலம் முழுக்க வன்னியில் சனம் குறைந்து கிடந்ததற்குக் காய்ச்சலும் உடைந்த குளங்களும் பெரிய காரணம். உள்ளே சனமில்லாத இடத்துக்கு வெளியே எப்படித் துறைமுகம் வளரும்? முத்தையன்கட்டு மாதிரியான குளங்கள் சுதந்திரத்துக்குப் பிறகு சரியாக்கப்பட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்து குடியேறிய பிறகுதான் உள்ளூர் நிமிர்ந்தது.


கரைவலை:

சேர் சொன்ன கள்ளப்பாடு எங்கள் ஊர். 2004 டிசெம்பர் 26 இல் சுனாமி வந்தபோது அந்த ஒடுங்கிய நிலத்தில் ஓட இடமில்லை. முன்னால் கடல், பின்னால் களப்பு. தேவாலயம் உட்படப் பட்டினத்தில் நின்றதெல்லாம் அடிபட்டுப் போனது. 1996 ஜூலையில் இராணுவ முகாம் வீழ்ந்த சண்டையில் உடைந்தது போக மிஞ்சியிருந்தவை அவை. 2009 இல் நாங்கள் எங்கே நின்றோம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, அதற்கு வேறு இழை வேண்டும்.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு முறையும் வீட்டோடு சேர்த்துக் கடதாசியும் போனது. காணி உறுதி, தோணிப் பதிவு, கல்யாணப் படம், சம்மாட்டியின் (வள்ளமும் வலையும் வைத்திருக்கும் முதலாளியின்) கணக்குக் கொப்பி. பட்டினத்தின் வரலாறு எழுத வேண்டிய கடதாசி எல்லாம் கடலிலும் பங்கருக்குள்ளும் போய்விட்டது.


கற்சிலைமடு:

கரைவலை, எங்கள் கடதாசி போனது உண்மை. ஆனால் எங்களை ஆண்டவர்களின் கடதாசி இருக்கிறது. ஒல்லாந்தக் கம்பனியின் பதிவுகள் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. யுனெஸ்கோ 2003 இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த தொகுப்பில் அவையும் அடக்கம். பழைய ஒல்லாந்த மொழி, கையெழுத்துப் பிரதி. படிக்கத் தெரிந்த தமிழர் மிகக் குறைவு. வன்னியிலிருந்து பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளில் ஒருவராவது அந்த மொழியைப் படிக்க வேண்டும். முல்லைத்தீவில் காவல் நின்ற அதிகாரி யாழ்ப்பாணத்துக்கு என்ன எழுதினான் என்பதை நாங்களே வாசிக்கும் வரைக்கும் லூயிஸ் சொன்னதையும் நாகெல் சொன்னதையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் இருப்போம்.


செம்மலை மகள்:

அண்ணை, ஆண்டவர்களின் கடதாசியில் திறையும் படையும் வரியும் இருக்கும். கள்ளப்பாட்டில் கரைவலை இழுத்த பெண் என்ன சமைத்தாள் என்பது இருக்காது. அதற்கு எங்களிடம் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், எண்பது வயதைத் தாண்டியவர்கள். ஒல்லாந்த மொழி படிக்க வருடங்கள் எடுக்கும். அம்மம்மாவோடு இருந்து பேச ஒரு கைபேசி போதும். இரண்டையும் செய்வோம், ஆனால் அம்மம்மாவை முதலில் செய்வோம்.

அலம்பிலிலும் செம்மலையிலும் நான் கேட்டுப் பதிவு செய்யத் தொடங்குகிறேன். எதைக் கேட்பது என்று யாராவது வழி சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பிள்ளை, "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது" என்று கேட்காதீர். "நன்றாக இருந்தது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பொருளைக் கேளும். வீட்டுக் கூரைக்கு எங்கிருந்து கிடுகு வந்தது, அரிசி எந்தக் குளத்து அரிசி, சீலை யாருடைய கடையில் எடுத்தீர்கள், காய்ச்சல் வந்தால் யாரிடம் போனீர்கள், வட்டாப்பளைக்கு எந்த வழியால் நடந்தீர்கள், வழியில் எங்கே தண்ணீர் குடித்தீர்கள். அதற்குள் எல்லாம் வந்துவிடும். கடன் யாரிடம் வாங்கினார்கள் என்றும் கேளும், கடைத்தெரு முழுவதும் அதில் வரும்.


நீராவிப்பிட்டி:

சேர், இதே கேள்விகளோடு நேற்று என் மாமியிடம் இருந்தேன். சீலைக் கடையைக் கேட்டதும் வரிசையாகக் கடைகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார், தமிழர் கடை எது, எங்கள் ஆட்களின் கடை எது, சிங்களப் பேக்கரி எது என்று. பதிவு இருக்கிறது. எழுத்தில் இறக்கி அனுப்புகிறேன்.


கரைவலை:

நானா, அனுப்புங்கள். எங்கள் பெரியப்பாவிடம் தோணியைப் பற்றிக் கேட்டேன். பெரிய கலம் கரைக்கு வராதாம், ஆழத்தில் நிற்குமாம். வள்ளத்தில் போய் மூட்டையை இறக்கி, அலை பார்த்துக் கரைக்குக் கொண்டுவந்து, தோளில் சுமந்து கடைக்குப் போடுவார்களாம். கூலி காசாகவும் கிடைக்கும், அரிசியாகவும் கிடைக்கும். சோளகம் முடிகிற நேரத்தில் கடைசித் தோணி வரும்போது மாரிக்கு வேண்டிய சாமான் எல்லாவற்றையும் கடைக்காரர் வாங்கி அடுக்கிவிடுவார்களாம். நீராவிப்பிட்டி மாமி சொன்ன கடைகளின் பெயரை அவரிடம் வாசித்துக் காட்டி, எந்தக் கடைக்கு என்ன இறக்கினார்கள் என்று வருகிற ஞாயிறு கேட்கிறேன்.